யார் நடத்துகிறார், பணம் எங்கே போகிறது: தொண்டுச் சந்தைகளும் இரண்டு சட்டங்களும்

பிரிட்டனின் சிற்றூர்களில் சனி, ஞாயிறுகளில் தொண்டு அமைப்புகள் நடத்தும் சந்தைகள் சாதாரணக் காட்சி. தேவாலய மண்டபத்தில் பத்துப் பதினைந்து மடக்கு மேசைகள் போட்டிருப்பார்கள். ஒன்றில் வீட்டில் காய்ச்சிய ஜாம், இன்னொன்றில் பழைய புத்தகங்கள், மற்றொன்றில் கையால் பின்னிய குழந்தைத் தொப்பிகள். மேசைக்கு இவ்வளவு என்று வாங்கும் வாடகை, நடத்துகிற அமைப்புக்குப் போகும். ஜாம் விற்ற காசு பல சந்தைகளில் ஜாம் காய்ச்சியவருக்கே போகும். அப்படியானால் இது தொண்டா, வியாபாரமா? உள்ளாட்சி மன்றம் கட்டணம் கேட்கலாமா, கூடாதா என்பது இந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தது. 1982ஆம் ஆண்டில் இதற்கு நாடாளுமன்றம் இரண்டு விதமாக விடை சொன்னது. ஒன்று இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும், மற்றது ஸ்காட்லாந்துக்கு.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான உள்ளாட்சிச் சட்டத்தின் 37ஆம் பிரிவு தற்காலிகச் சந்தைகளைப் பற்றியது. இந்தப் பிரிவைத் தன் பகுதிக்குப் பொருத்துவதாக மன்றம் தீர்மானம் போட்டிருந்தால், ஐந்து கடைகளுக்குக் குறையாத சந்தை நடத்துபவர் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வருமானம் முழுவதுமோ பெரும்பகுதியோ தொண்டு, சமூகம், விளையாட்டு, அரசியல் நோக்கங்களுக்குப் போகுமானால் அந்தக் கடமை இல்லை. நடத்துகிறவர் யார் என்று சட்டம் கேட்கவில்லை. பணம் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறது.

ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 40ஆம் பிரிவு தனியார் சந்தைக்கு உரிமம் வாங்கச் சொல்கிறது. 1982இல் இயற்றப்பட்ட வடிவில், தொண்டு, சமயம், இளைஞர், பொழுதுபோக்கு, சமூகம், அரசியல் சார்ந்த அமைப்புகளும் அவை போன்றவையும் நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு உரிமம் வேண்டாம். இங்கே கேள்வி நடத்துகிறவர் யார் என்பது. உரிமம் வேண்டாத இடத்தில் உரிமக் கட்டணமும் இல்லை.

ஸ்காட்லாந்து வழி எளிமையானது. பதிவுபெற்ற தொண்டு அமைப்பு என்றோ ஊர் இளைஞர் மன்றம் என்றோ காட்டினால் அதிகாரியின் வேலை முடிந்தது. ஐம்பது மேசைகளின் கணக்கை யாரும் புரட்ட வேண்டியதில்லை. முழுநேர வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை சந்தை நடத்தும் தன்னார்வலர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் வியாபார நிறுவனம் ஒன்று தொண்டு அமைப்பின் பெயரை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் தானே நடத்தினாலும், பெயர்ப் பலகையை மட்டும் பார்க்கும் விதி அதையும் உள்ளே விட்டுவிடும்.

இங்கிலாந்தின் விதி அந்த ஓட்டையை அடைக்கிறது. ஆனால் வேறு சிக்கலைக் கொண்டுவருகிறது. ‘சந்தையின் வருமானம்’ என்றால் மேசை வாடகையா, மேசைகளில் நடந்த மொத்த விற்பனையா? வாடகை என்று கொண்டால் பெரும்பாலான தொண்டுச் சந்தைகள் தப்பிக்கும். மொத்த விற்பனை என்றால், தொப்பி பின்னியவர் தன் காசைத் தானே வைத்துக்கொண்ட உடனே சந்தை தொண்டு என்ற தகுதியை இழக்க நேரலாம். இப்படிப்பட்ட இடத்தில் மன்றம் தன் பொருள்கோளை முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சந்தை நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மின்னஞ்சலில் தெரியவரும் விதி, சின்ன அமைப்பைத் திகைக்க வைத்துவிடும்.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் உள்ளது. இங்கிலாந்தில் இதற்கும் அடியில் பழைய அடுக்கு ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தோடு வேறுபாடு உண்மையில் கூர்மையாகும் இடம் அதுதான்.

இடைக்காலத்தில் அரசர் பட்டயம் கொடுத்துச் சந்தை உரிமை வழங்கினார். பர்மிங்காமுக்கு அது கிடைத்தது 1166இல். அந்த உரிமை ஒரு சொத்து, விற்கலாம், வாங்கலாம். மான்செஸ்டர் நகராட்சி 1846இல் மோஸ்லி குடும்பத்திடமிருந்து சந்தை உரிமை உள்ளிட்ட நிலக்கிழார் உரிமைகளை 2,00,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. இத்தகைய உரிமை உள்ளவர், ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள், துல்லியமாகச் சொன்னால் 6⅔ மைலுக்குள், போட்டிச் சந்தை நடப்பதை நீதிமன்றத்தின் மூலம் தடுக்கலாம். 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிராக்டன் பெயரில் வழங்கும் கணக்கு இது: ஒருவர் நாளொன்றுக்கு நடக்கக்கூடிய தூரம் 20 மைல், போக ஒரு பங்கு, விற்க ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு.

கார்கள் வந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்ட பின்பும் அந்த நடைதூரம் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. 37ஆம் பிரிவின் தொண்டு விலக்கு அந்தப் பிரிவுக்கு மட்டுமே உரியது. பட்டய உரிமை கொண்ட நகராட்சி, தொண்டுச் சந்தைக்குச் சலுகை தருவதென்றால் தன் விருப்பத்தால் தருகிறது. அங்கே வாங்கும் பணத்தைக் கட்டணம் என்று அழைத்தாலும், அது ஒரு சொத்துக்காரர் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதற்குக் கேட்கும் விலை. விலையை நிர்ணயிப்பவரே போட்டிச் சந்தையின் முதலாளியும்கூட. ஸ்காட்லாந்தின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் கட்டணத்தைச் செலவோடு கட்டிவைக்கிறது: உரிமங்களை நிர்வகிக்க ஆகும் செலவை மொத்தக் கட்டணம் ஈடுகட்டும்படி மன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும். விலைக்கும் செலவுக்கும் உள்ள இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. செலவென்றால் கணக்குக் கேட்கலாம். விலையென்றால் பேரம்தான் பேசலாம்.

மன்றங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. குப்பை அள்ளவும் வாகன நெரிசலைச் சமாளிக்கவும் ஆள் வேண்டும். மிதிபட்ட புல்தரையைச் சீராக்கப் பணம் வேண்டும். 2016இல் பிரிஸ்டலுக்கு அருகே ஸ்டோக் கிஃபர்டு ஊர் மன்றம், லிட்டில் ஸ்டோக் பூங்காவில் தன்னார்வலர்கள் நடத்திவந்த இலவச வாராந்தர ஓட்டமான பார்க்ரன்னிடம் பராமரிப்புக்குப் பணம் கேட்கத் தீர்மானித்தது. ஓட்டம் அங்கே நின்றுபோனது. பூங்காவைத் தேய்க்கிறார்கள் என்ற மன்றத்தின் வாதம் பொய்யல்ல. ஆனால் யாரிடமும் காசு வாங்காத நிகழ்ச்சி எந்த வருமானத்திலிருந்து கொடுக்கும்?

சந்தைக்கு அந்த நிலைமை இல்லை. மேசை வாடகை என்ற வருமானம் இருக்கிறது. அதனால் சிறிய தொகை ஒன்றைக் கேட்பதை நான் அநியாயம் என்று சொல்லமாட்டேன். இரண்டு நாடுகளிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால், விலக்குக்கு இங்கிலாந்தின் கேள்வியையும் கட்டணத்துக்கு ஸ்காட்லாந்தின் கணக்கையும் எடுப்பேன். பணம் எங்கே போகிறது என்பதைச் சந்தை முடிந்தபின் ஒரு பக்க வரவு செலவில் கேட்டு வாங்கலாம். மேசை வாடகை எவ்வளவு வந்தது, மண்டப வாடகைக்கு எவ்வளவு போனது, மீதி எந்தப் பணிக்குச் சென்றது என்ற மூன்று வரிகள் போதும். அதே தாளில் மன்றமும் அந்த நாளில் தனக்கு உண்மையில் ஆன செலவை எழுதட்டும்.