கோடு சுவருக்கு எந்தப் பக்கம்?

தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து ஜொகூரின் சிம்பாங் ரெங்கம் தாமான்களுக்கு வந்த குடும்பங்களுக்கு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பின்கட்டில் ஓர் அறையைக் கூட்டும் எண்ணம் வந்துவிடும். அந்த அறை முதலில் பிளான் வரைபவரின் கணினியில் ஒரு கோடாகத்தான் பிறக்கிறது. நான்கு மூலையும் தொட்டு, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் அந்தக் கோட்டுக்கு மூடிய பாலிலைன் என்று பெயர். அது வளைத்த இடம்தான் கணக்கில் சேரும் பரப்பு.

காகிதக் காலத்தில் பரப்பை அளக்கும் வேலையைப் பிளானிமீட்டர் செய்தது. 1854-இல் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆம்ஸ்லர் உருவாக்கிய கருவியின் ஊசியை விளிம்பின்மேல் ஒரு சுற்று ஓட்டினால், சிறு சக்கரம் பரப்பைக் காட்டிவிடும். 1963-இல் ஐவன் சதர்லாந்தின் ஸ்கெட்ச்பேட் நிரல் கோட்டைத் திரைக்குக் கொண்டுவந்தது. 1982-இல் வந்த ஆட்டோகேட் மென்பொருள் அதைச் சிறு அலுவலகங்களின் மேசைவரை கொண்டு சேர்த்தது. இப்போது ஊசி இல்லை. மூலைகளின் ஆயங்களைக் குறுக்காகப் பெருக்கி, கழித்துக் கூட்டி, பாதியாக்கிக் கணினியே சொல்லிவிடுகிறது.

ஆனால் கணினிக்குச் சுவர் தெரியாது, கோடு மட்டுமே தெரியும். அறைக்குள் சொடுக்கி எல்லையைத் தேடச் சொன்னால், கதவுக்கு விட்ட இடைவெளி வழியாக அடுத்த அறைக்கும் பரவிவிடும். அதனால் அனுபவப்பட்டவர்கள் பரப்புக்கென்றே தனி லேயர் (அடுக்கு) வைத்து, வாசலையும் அடைத்துக் கோடு போடுவார்கள்.

இனிதான் முக்கியமான இடம். அரைச்செங்கல் சுவர், பூச்சில்லாமல் 115 மில்லிமீட்டர். சுவர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு 3.4 மீட்டரும் 3.3 மீட்டரும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நடுக்கோட்டில் போனால் 11.22 சதுர மீட்டர். வெளிமுகத்தில் போனால் 12.00. உள்முகத்தில் போனால் 10.46. அறை ஒன்றுதான், எண் மூன்று! மலேசியாவின் 1984 சீர்நிலைக் கட்டட உபவிதிகள் வீட்டின் முதல் வாழும் அறைக்கு 11 சதுர மீட்டர் கேட்கின்றன, இரண்டாவதற்கு 9.3, மற்றவற்றுக்கு 6.5. நடுக்கோட்டில் தேறும் முதல் அறை, உள்முகத்தில் அரைச் சதுர மீட்டர் குறைந்து நிற்கிறது. கட்டிலும் பீரோவும் போடுவது உள்முகத்துக்குள்தான். ஆகவே வாழும் அறைக்கு உள்முகக் கணக்கே நேர்மையானது என்பேன். சன்னல் விதியும் இதற்குத் துணை நிற்கிறது: அறையின் தெளிவான தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு சன்னல் வேண்டும், காற்று தடையின்றிப் புகும் திறப்பு 5 விழுக்காடு. தரைப்பரப்பைச் சுவரின் நடுவிலிருந்து எடுத்தால் இந்த விழுக்காடும் பிசகும். எந்த முகத்திலிருந்து எடுத்த பரப்பு என்று வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதிவைக்க அதிக நேரம் ஆகாது. கட்டாயம் எழுத வேண்டும், வீட்டுக்காரரும் கேட்டு வாங்க வேண்டும்.

பிறகு வரைபடம் சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றத்துக்குப் போகிறது. ஒப்புதல் கிடைத்துக் கட்டி முடித்த பின்னும் கோட்டின் பயணம் ஓயாது. தீபகற்ப மலேசியாவின் மற்ற மாநிலங்கள் வீட்டு வரியை ஆண்டு வாடகை மதிப்பில் கணிக்க, ஜொகூர் நிலமும் கட்டடமும் சேர்ந்த மேம்பட்ட மதிப்பில் கணிக்கிறது. புதிய அறை அந்த மதிப்பில் ஏறும்போது, கூட்டிய பரப்பு எத்தனை சதுர மீட்டர் என்ற கேள்வி மறுபடியும் எழுகிறது.