மின்னணு நடன இசை: வகைகள் பிரிந்த வரலாறு

டிரம் மெஷின், சிந்தசைசர், சாம்ப்ளர், கணினி ஆகியவற்றைக் கொண்டு ஆட்டத்துக்கென்றே உருவாக்கப்பட்டு, டிஜே ஒருவர் இடைவெளியில்லாமல் ஒன்றோடொன்று கோத்து ஒலிக்கவிடும் இசைகளின் பொதுப்பெயர் மின்னணு நடன இசை. 1970களின் டிஸ்கோவிலிருந்து கிளைத்த இது, 1980களின் நடுப்பகுதியில் ஹவுஸ், டெக்னோ என்று இரண்டொரு பெயர்களுக்குள் அடங்கியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆசிட் ஹவுஸ், டீப் ஹவுஸ், ட்ரான்ஸ், கேபர், ஜங்கிள், ஸ்பீட் கராஜ் என்று பெயர்கள் பெருகின. அவையும் மறுபடி பிரிந்தன. கோவாவின் கடற்கரை விருந்துகளில் வேர்விட்ட சைட்ரான்ஸ் ஒன்றுக்குள்ளேயே ஃபுல்-ஆன், டார்க்சை, ஃபாரஸ்ட், ஹை-டெக் என்று உட்பிரிவுகள் உண்டு. பழக்கமில்லாத காதுக்கு இவை எல்லாமே ஒரே இடிச் சத்தம்தான். ரசிகர்களின் மேட்டிமைத்தனமும் கம்பெனிகளின் வியாபாரத் தந்திரமுமே இவ்வளவு பெயர்களுக்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். இரண்டும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை பின்னால் வந்து சேர்ந்தவை. இந்த இசைத்தட்டு வீட்டில் உட்கார்ந்து தனியாகக் கேட்பதற்காகப் பிறப்பதில்லை; ஓர் இரவு முழுவதும் ஓடப்போகும் ஒரு தொடருக்கான சரக்காகப் பிறக்கிறது. எந்தத் தட்டு எதனோடு சேரும், எந்த நேரத்தில் எடுபடும், எந்தக் கூட்டம் அதற்கு ஆடும் என்று தெரிந்தால்தான் டிஜேக்குப் பிழைப்பு. வகைப்பெயர்களின் மூலம் அந்தத் தேவைதான்.

டிஜேயின் கைவேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது விளங்கும். 1979-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் பல ஆண்டுகள் உலகெங்கும் கிளப்களின் அடிப்படைக் கருவியாக இருந்தது. அதன் வலது ஓரத்தில் மேலும் கீழும் நகரும் ஒரு பிட்ச் ஸ்லைடர் உண்டு. தட்டு சுழலும் வேகத்தை அதனால் 8 சதவீதம் கூட்டலாம், 8 சதவீதம் குறைக்கலாம். அரங்கில் ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்க, அடுத்த தட்டை ஹெட்ஃபோனில் ஒரு காதால் கேட்டுக்கொண்டே ஸ்லைடரை நகர்த்தி, இரண்டின் கிக் டிரம் அடியும் ஒரே கணத்தில் விழும்படி செய்த பிறகுதான் டிஜே இரண்டாவதைக் கூட்டத்துக்குத் திறந்துவிடுவார். நிமிடத்துக்கு 124 பீட்டில் அமைந்த ஹவுஸ் தட்டை இப்படி 114 முதல் 134 வரை கொண்டுபோகலாம். 170 பீட்டில் ஓடும் டிரம் அண்ட் பேஸ் தட்டை எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் 156-க்குக் கீழே வராது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனால் முதுகுவலிதான் மிச்சம். காலப்பிரமாணம் இங்கே ரசனை விஷயமாவதற்கு முன்பே கருவி போட்ட எல்லையாக இருந்தது. எல்லையைத் தாண்டியவர்களுக்குக் கிடைத்ததும் ஒரு புதிய பெயர்தான். 1980களின் பிற்பகுதியில் பெல்ஜியத்து டிஜேக்கள் எ ஸ்ப்ளிட்-செகண்ட் குழுவின் ‘ஃப்ளெஷ்’ போன்ற, நிமிடத்துக்கு 45 சுற்றுக்கான தட்டுகளை 33 சுற்றில் போட்டு, ஸ்லைடரை வேகம் கூட்டும் பக்கம் கடைசிவரை தள்ளினார்கள். கணக்குப் போட்டால் மூல வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வரும். கனத்து, தள்ளாடி நடக்கும் அந்த ஓட்டத்துக்கு ‘நியூ பீட்’ என்று பெயர் விழுந்தது. நேர்மாறாக, 1990களில் லண்டன் டிஜேக்கள் அமெரிக்க கராஜ் தட்டுகளை வேகம் கூட்டி ஓட்டினார்கள். ‘ஸ்பீட் கராஜ்’ அதிலிருந்து வந்தது.

வரலாற்றின் தொடக்கம் சிகாகோ. 1979 ஜூலை 12 அன்று அங்கே காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, பெட்டி நிறைய டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டதால் இரண்டாவது ஆட்டம் நடக்கவில்லை. பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன, ஆடுகிறவர்கள் கைவிடவில்லை. அதே ஊரில் 1977 முதல் இயங்கிய வேர்ஹவுஸ் கிளப்பில், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இனத் தன்பால் ஈர்ப்பாளர்கள் கூடிய இரவுகளில், நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் பழைய டிஸ்கோவை வெட்டி நீட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே கேட்ட தட்டு வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் வந்து கேட்க, இம்போர்ட்ஸ் எட்செட்டரா என்ற தட்டுக்கடை ‘வேர்ஹவுஸில் ஒலித்தது’ என்று அட்டை எழுதி வைத்தது. அது தேய்ந்து ‘ஹவுஸ்’ ஆனது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. பெயர் சூட்டியவர் இசையமைப்பாளரும் இல்லை, விமர்சகரும் இல்லை. கடைக்கு வந்தவர் கேட்டதை எடுத்துத் தர வேண்டியிருந்த கடைக்காரரிடமிருந்து பெயர் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த பிரிவுக்கு ஒரு தோற்றுப்போன கருவி காரணமாயிற்று. கிட்டார் வாசிப்பவர் தனியே பழகும்போது துணைக்கு பேஸ் வாசிக்கட்டும் என்று 1980களின் தொடக்கத்தில் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்ற வெள்ளிநிறப் பெட்டியை விற்றது. அதன் ஒலி பேஸ் கிட்டார் போலவே இல்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தி நின்று, பழைய சாமான் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தது. சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர் அதில் ஒரு சுரவரிசையை ஓடவிட்டு, அது ஓடும்போதே வடிகட்டிக் குமிழ்களைத் திருகினார்கள். நெளிந்து கீச்சிடும் அந்த ஒலிதான் 1987-இல் வெளிவந்த ‘ஆசிட் டிராக்ஸ்’. தயாரித்த மார்ஷல் ஜெஃபர்சன், நியூயார்க்கிலும் எடுபடட்டும் என்று அதன் வேகத்தை 130-லிருந்து 120-க்குக் குறைத்தார். கருவியும் ஒலியும் மட்டுமே வகையை உண்டாக்கும் என்றால் ஆசிட் ஹவுஸைப் பெற்ற பெருமை மும்பைக்குப் போயிருக்க வேண்டும். இந்தித் திரைப்பட இசைக் கலைஞரான சரண்ஜித் சிங் அதே டிபி-303-ஐயும் டிஆர்-808 டிரம் மெஷினையும் வைத்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை வாசித்து 1982-இலேயே எச்எம்வி வழியாக வெளியிட்டுவிட்டார். 2010-இல் மறுவெளியீடு கண்டபோது, ஆசிட் ஹவுஸுக்கு ஐந்தாண்டு மூத்த ஆசிட் ஹவுஸ் என்று மேற்குலகம் வியந்தது. ஆனால் 1982-இன் மும்பையில் அந்தத் தட்டை அடுத்த தட்டோடு கோக்க டிஜே இல்லை. அதைப்போல இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டு வந்த கூட்டமும் இல்லை. அற்புதமான இசை; வகையாகவில்லை. சிகாகோவில் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியாகும் முன்பே மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி அதை ஒரே இரவில் நான்கு முறை போட்டதாகவும், முதலில் ஒதுங்கிய கூட்டம் நான்காவது முறை வெறிகொண்டு ஆடியதாகவும் சொல்வார்கள். வித்தியாசம் அங்கேதான்.

வகை ஆடுதளத்தில்தான் பிறக்கிறது என்ற வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று டெட்ராய்ட். அந்நகர இசைக்கலைஞர்களான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோரின் இசையை பிரிட்டனில் விற்பதற்காக 1988-இல் ஒரு தொகுப்புத் தயாரானது. முதலில் யோசித்த தலைப்பில் ‘டெட்ராய்ட்டின் ஹவுஸ்’ என்றே இருந்தது. அட்கின்ஸ் தந்த பாட்டின் பெயரில் ‘டெக்னோ’ இருந்ததால் தொகுப்பின் தலைப்பும் மாறியது. சிகாகோ சரக்கிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது என்பது உண்மைதான். அப்படியானால் டெக்னோ ஒரு விளம்பர லேபிள்தானே என்று கேட்கலாம். லேபிள் ஒட்டுவது சுலபம். ஒட்டிய லேபிள் நிற்பதுதான் கடினம். பத்திரிகைகளும் கம்பெனிகளும் பரப்பிய எத்தனையோ பெயர்களை இன்று எந்த டிஜேயும் தன் தட்டுப்பெட்டியில் எழுதுவதில்லை. ‘டெக்னோ’ நின்றதற்குக் காரணம் பெர்லினிலும் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ராட்டர்டாமிலும் இரவு முழுவதும் அதை மட்டுமே ஓட்டும் அரங்குகள் வந்தது. ராட்டர்டாம்காரர்கள் அதையே 160, 180, அதற்கும் மேல் விரட்டி கேபர் ஆக்கினார்கள்.

பிரிட்டனில் பிரிவினை உச்சத்துக்குப் போனது. 1988 கோடையில் ஆசிட் ஹவுஸ் விருந்துகளில் எல்லாத் தரப்பினரும் ஒரே தளத்தில் ஆடினார்கள் என்பது அந்தத் தலைமுறையின் செல்லக் கதை. அந்த ஒற்றுமை நான்கைந்து ஆண்டுகூட நீடிக்கவில்லை. 1992-இல் காசில்மார்ட்டன் பொதுவெளியில் பல்லாயிரம் பேர் நாள்கணக்கில் கூடி ஆடியது அரசை உசுப்பியது. 1994-இன் குற்றவியல் நீதிச் சட்டம், திரும்பத் திரும்ப வரும் பீட்டுகள் கொண்ட இசை என்று இலக்கணம் வகுத்தே திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. (ஆட்டெக்கர் குழு இதற்குப் பதிலாக, எந்த இரண்டு தாளச் சுற்றும் ஒன்றுபோல வராத ஒரு பாட்டை அமைத்து வெளியிட்டது. வகை எல்லையைப் பாராளுமன்றமே வரையப் பார்த்த விசித்திரம் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.) வயல்வெளியிலிருந்து உரிமம் பெற்ற கிளப்களுக்குள் போன இசை, அறை அறையாகவும் கிழமை கிழமையாகவும் பிரிந்தது. ஒரு கூட்டம் ஹவுஸிலேயே நின்றது. இன்னொரு கூட்டம், வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969 தட்டு ஒன்றில் வரும் ஏழு விநாடி டிரம் துண்டை வெட்டி, வேகம் கூட்டி, ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம் மரபின் கனத்த பேஸை அடியில் போட்டு ஜங்கிளை உண்டாக்கியது. உலகில் மிக அதிகமாக வெட்டி ஒட்டப்பட்ட துண்டுகளில் ஒன்றான அதை வாசித்த ஜி. சி. கோல்மனுக்கு உரிமைத்தொகை என்று ஒன்றும் போகவில்லை.

மேட்டிமைத்தனம் என்ற குற்றச்சாட்டு இங்கே நன்றாகவே பொருந்துகிறது. ஜங்கிள் என்றால் கறுப்பின, உழைக்கும் வர்க்க இளைஞர்களின் முரட்டு இசை என்ற எண்ணம் பரவியபோது, ‘இன்டெலிஜென்ட்’ என்ற அடைமொழியோடு ஒரு பிரிவு தன்னைத் தள்ளி நிறுத்திக்கொண்டது. மற்றவர்கள் ஆடியது அறிவில்லாத இசையா என்ன? ‘ஜங்கிள்’ போய் ‘டிரம் அண்ட் பேஸ்’ வந்ததிலும் இந்த வாசனை கொஞ்சம் அடிக்கும். ஆனாலும் எது நிலைத்தது என்று பாருங்கள். ‘இன்டெலிஜென்ட்’ உதிர்ந்துபோனது. டிரம் அண்ட் பேஸ் 174-ஐ ஒட்டிய தன் வேகத்தோடும் தனக்கென்ற இரவுகளோடும் நின்றுவிட்டது. 1997-இல் ரோனி சைஸின் குழு மெர்க்குரி பரிசையும் வாங்கியது.

ஒரு வகை பிறக்கும் விதத்தை டப்ஸ்டெப்பைப் போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் குறைவு. தெற்கு லண்டனில் க்ராய்டனில் பிக் ஆப்பிள் என்றொரு தட்டுக்கடை. அங்கே வேலை பார்த்த ஹாட்சா கராஜின் இருண்ட, பாட்டில்லாத தட்டுகளைத் தேடி ஓட்டுவார். ஸ்க்ரீம், பெங்கா போன்ற பதின்வயதுப் பையன்கள் அவருக்காகவே புதியவற்றைச் செய்து கொண்டுவருவார்கள். பிடித்ததை அசிடேட் தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டிக்கொள்வது வழக்கம். மென்மையான அந்தத் தட்டு சில டஜன் முறை ஓட்டினாலே தேய்ந்துவிடும். அதற்குள் 2001-இல் தொடங்கிய ஃபார்வர்ட் என்ற கிளப் இரவில் போட்டுப் பார்த்து, எடுபட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்வார்கள். சில டஜன் பேருக்குள் நடந்த இந்தக் கொடுக்கல் வாங்கலில் 140 பீட் வேகமும், அதில் பாதி வேகத்தில் நடப்பது போன்ற தாளமும், மார்பில் அதிரும் பேஸும் உறுதிப்பட்டன. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் அதே கராஜிலிருந்து, திருட்டு வானொலிகளில் ராப் பாடகர்களின் குரலைத் தாங்குவதற்காக, கிரைம் பிரிந்தது. தங்கள் இசைக்கு என்னதான் பெயர் என்பதையே பொருளாக வைத்து கிரைம் கலைஞர் வைலி 2004-இல் ஒரு பாட்டு போட்டார். பிறகு அமெரிக்காவில் ஸ்க்ரில்லெக்ஸ் 2010-இல் டப்ஸ்டெப்பை விழா மேடைக்கு ஏற்ற அலறலாக மாற்றியபோது, பழைய ஆட்கள் அதை ‘ப்ரோஸ்டெப்’ என்று கேலிப் பெயரிட்டு ஒதுக்கினார்கள். பெயரில் பொறாமை இருக்கலாம். ஆனால் க்ராய்டன் தட்டுகளுக்கு நடுவே அதைச் செருகினால் அரங்கு கலைந்துவிடும் என்ற நடைமுறை அறிவும் அதில் இருந்தது.

இன்னொரு மறுப்பு பாக்கி. இப்போது மென்பொருள் எந்த வேகத்தையும் எந்த வேகத்தோடும் ஒரு பொத்தானில் பொருத்திவிடுகிறது. கருவியின் எல்லை போய்விட்டது. ஆனாலும் பெயர்கள் குறையாமல் கூடுகின்றனவே? இந்தக் கேள்வி நியாயமானது, இங்கே வாதத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளவும் வேண்டும். 2004-இல் தொடங்கிய பீட்போர்ட் இணையக் கடை தட்டுக்கடையின் அலமாரியை எடுத்துக்கொண்டது. கையால் புரட்டிப் பார்க்க முடியாத அளவு சரக்கு குவிந்ததும் டெக்னோவையே ‘உச்ச நேரத்துக்கானது’, ‘ஆழ்ந்து மயக்குவது’ என்கிற மாதிரி இரண்டாக உடைத்தது. இரவின் எந்த மணிக்கு எதைப் போடுவது என்ற பழைய தேவைதான் அதிலும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையின் தரவைக் கொண்டு க்ளென் மெக்டொனால்ட் உருவாக்கிய ‘எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ்’ வரைபடம் வேறு ரகம். எல்லா இசைகளையும் சேர்த்து 6,000-க்கும் மேற்பட்ட வகைகளை அது காட்டியது. அவற்றில் பலவற்றை அந்த இசையைச் செய்கிறவர்களே கேள்விப்பட்டதில்லை. கேட்பவர்களின் பழக்கத்தைக் கணினி கொத்துக் கொத்தாகப் பிரித்ததில் விழுந்த பெயர்கள் அவை. அவற்றைப் புள்ளிவிவரக் குறியீடு எனலாம். வகை என்பது அதிகப்படி. மேட்டிமையும் வியாபாரமும் பற்றிய புகாரை இவற்றின்மேல் வைத்தால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் ஆடும் இடத்திலிருந்து வகை பிறப்பது நின்றுவிடவில்லை. சிகாகோவிலேயே கெட்டோ ஹவுஸ் வேகமேறி ஜூக் ஆகி, பிறகு 160 பீட்டில், இரண்டு பேர் எதிரெதிரே நின்று காலாட்டத்தில் மோதும் போட்டிக்கென்றே ஆர்பி பூ, டிஜே ரஷாத் போன்றவர்கள் கையில் ஃபுட்வொர்க் ஆனது. அந்தக் காலாட்டம் இல்லாவிட்டால் அதன் தாளக் குழப்பத்துக்குப் பொருளே இல்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் ஷேர் டாக்சிகளில் க்கோம் என்ற வகை பரவியது. கவுட்டெங் மாகாணத்துக் கறுப்பினக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 112 பீட்டில் நிதானமாக அசையும் அமாபியானோ உருவாகி உலகம் சுற்றியது. 2023 டிசம்பரில் ஸ்பாட்டிஃபை ஆட்குறைப்பில் மெக்டொனால்டின் வேலை போனதும் 6,000 வகைகளின் வரைபடம் புதுப்பிக்கப்படாமல் நின்றது. தென்னாப்பிரிக்க டிஜேக்களோ அதற்குள் 3-ஸ்டெப் என்ற இன்னொரு பெயரைப் புழங்கத் தொடங்கியிருந்தார்கள். ஹவுஸில் தாளச் சுற்றுக்கு நான்கு கிக், இதில் மூன்று.