பழைய கைக்கடிகாரங்களின் மெய்ம்மை: ஒரு வரலாற்று நோக்கு

பழம்பொருள்களின் மெய்ம்மை பற்றிய ஆராய்ச்சி என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன செப்பேடுகளும் நாணயங்களும் ஓலைச்சுவடிகளுமே. கைக்கடிகாரத்தை அவ்வரிசையிற் சேர்க்க வரலாற்று மாணவர் தயங்குவர். ஆயினும் மூலச்சான்றைச் சோதிப்பது எங்ஙனம் என்னும் வினா அண்மைக் காலத்தில் மிகக் கடுமையாக வாதிக்கப்பட்ட களங்களுள் பழைய கடிகாரச் சேகரிப்பும் ஒன்றாகும். நுரைச்சோலையில் எம் வீட்டிலுள்ள மணிக்கூடு ஒன்றை விற்பதா என்ற பேச்சு எழுந்தபோதே என் கவனம் இவ்விடயத்திற் சென்றது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

வாதத்தின் கடுமைக்கு முதற்காரணம் விலையே. அமெரிக்க நடிகர் போல் நியூமன் அணிந்திருந்த றோலெக்ஸ் டேற்றோனா 2017ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நியூயோர்க்கில் 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. மோட்டார்ப் பந்தயத்தில் நாட்டங்கொண்ட அவரைக் கவனமாக ஓட்டுமாறு வேண்டி மனைவியார் பொறிப்பித்த வாசகம் அதன் பின்மூடியில் இருந்தது. அவர் அணிந்த வகை முகப்புக்கே பின்னர் அவர் பெயர் வழங்கலாயிற்று. உள்ளியந்திரம் ஒன்றாயினும், அம்முகப்பு உள்ளதற்கு ஒரு விலை, இல்லாததற்கு வேறொரு விலை. முகப்போ இரண்டு சிறு திருகாணிகளைத் தளர்த்தினாற் கழன்றுவிடும் ஒரு தகடு. சந்தேகம் அங்கே தொடங்குகின்றது.

முகப்பைச் சோதிக்கும் வழிகளுள் ஒன்று சிறப்பாக நோக்கற்பாலது. இருளில் ஒளிரும்பொருட்டு எண்களிலும் முட்களிலும் முன்னர் ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டது. 1960களில் அதன் இடத்தைத் திரித்தியம் பெற்றது. ரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். திரித்தியத்தினது 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல். ஆதலின் 1950களுக்குரியது எனப்படும் ஒளிர்முகப்பின் அருகே கதிரியக்கமானியைப் பிடித்தால் அது இன்றும் துடிக்க வேண்டும். ஆனால் ரேடியத்தோடு கலந்த நாகச் சல்பைட்டு காலப்போக்கிற் பழுதடைவதால் அம்முகப்பு இன்று ஒளிராது. பழையதென்று காட்டப்படுவது இருளிற் பளிச்சிடுமாயின், அப்பூச்சு பின்வந்த கையொன்றின் வேலையே. ஒளிராமையே மெய்ம்மைக்குச் சான்றாவது வேடிக்கையன்றோ?

பொருளைச் சோதிப்பதோடு ஆவணத்தையும் பார்த்தாற் போதுமென்று சிலர் கருதினர். ஜெனீவாவில் நிகழ்ந்த ஒன்று அந்நம்பிக்கையைக் குலைத்தது. 1957ஆம் ஆண்டுக்குரியது எனப்பட்ட ஒமேகா ஸ்பீட்மாஸ்ரர் ஒன்று 2021 நவம்பரில் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலத்தில் விற்கப்பட்டது. கருமையாயிருந்த முகப்பு கபில நிறமடைந்திருந்தமை அதன் பெருஞ்சிறப்பாகப் பேசப்பட்டது. (வெயில் நம் கரையில் இலவசமாகவே கிடைக்கின்றது!) வாங்கியது தன் அரும்பொருளகத்திற்காக ஒமேகா நிறுவனமே. 2023இலோ, வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து அஃது ஆக்கப்பட்டதென்றும், தன் முன்னாள் ஊழியர் மூவர்க்கு அதில் தொடர்புண்டென்றும் அந்நிறுவனமே அறிவித்தது. உறுப்புகளுட் பெரும்பாலன மெய்யானவை. அவை ஒருங்கே பிறந்தன என்ற கூற்றே பொய். தனித்தனியே உண்மையான செய்திகளைக் கோத்துப் பொய்யான வரலாறு எழுதுவாரை நாமும் கண்டிருக்கிறோம்.

தென்னாசியாவில் நிலைமை வேறு. இங்குக் கடிகாரம் சேகரிப்புப் பொருளாக வந்ததன்று. பழுதானாற் திருத்தி, முகப்பு மங்கினால் மறுபூச்சிட்டு, தந்தைக்குப் பின் மகன் கட்டிக்கொண்டது. பம்பாய்ப் பட்டறைகள் மறுபூச்சு முகப்புக்குப் பேர்பெற்றவை. 1961இல் பெங்களூரில் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு கடிகார உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் பழைய கடிகாரங்களும் இன்று புதுப்பூச்சோடு விற்பனைக்கு வருகின்றன. சேகரிப்போர் இவற்றை ஒரே சொல்லாற் 'போலி' என ஒதுக்குவர். எனக்கு அஃது உடன்பாடன்று. பழையதைப் புதுப்பித்தல் ஒன்று. புதுப்பித்ததை மறைத்தல் மற்றொன்று.

எம் வீட்டு மணிக்கூடு 'வெஸ்ற் எண்ட்' வகை. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு படைவீரரிடமிருந்து பூட்டனார் பெற்றார் என்பது குடும்ப வழக்கு. மூடியைத் திறந்தபோது உள்ளியந்திரத்தில் 'இன்காபிளொக்' என்னும் அதிர்ச்சி தாங்கி இருக்கக் கண்டேன். அவ்வமைப்பு 1934இலேயே தோன்றியது. எனவே அக்கதை நிற்காது. உம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கொழும்பிலிருந்து பார்க்க வந்த சேகரிப்பாளர் ஒருவர், எண்கள் தடித்திருப்பதையும் பெயரில் ஓர் எழுத்துச் சரிந்திருப்பதையும் காட்டி, முகப்பு மறுபூச்சு என்றார். அவர் கூற்று முற்றிலும் சரி. 1990 ஒக்ரோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவர்களுட் பாட்டனாரும் ஒருவர். இடுப்பில் முடிந்திருந்த மணிக்கூட்டினுட் கடல்நீர் புகுந்தது. புத்தளத்திற் திருத்துவித்தார் என்பர். இதனையும் நான் வாய்மொழியென்றே ஐயுற்றேன். ஆனால் திருத்துவோர் தம் நினைவுக்காகப் பின்மூடியின் உட்புறத்திற் கீறிவைக்கும் குறிகளுள் ஒன்று '12-90' என்று தெளிவாய் இருந்தது. ஒரு வழக்கை மறுத்த அதே பொருள் மற்றொன்றுக்குத் துணைநின்றது. அவ்வாண்டு கைவிட்டு வந்த வீட்டுக்கும் காணிக்கும் உரிய பத்திரம் எதுவும் எம்மிடம் இல்லை. திகதியோடு எஞ்சியது இக்கீறல் ஒன்றே.

சேகரிப்பாளர் ஒரு வழி சொன்னார். அதே வகையின் பழுதற்ற பழைய முகப்பொன்று தம்மிடம் உண்டு. அதனைப் பொருத்தி, மூடியின் உட்புறத்தையும் மெருகிட்டுவிட்டால் இருமடங்கு விலை தரலாம் என்றார். அங்ஙனம் செய்தபின் அதனை 'அசல்' என்றே விற்பார்கள். வீட்டுக் கூரை வேலை பாதியில் நிற்பதால் மாமாவுக்கு இசைவு இருந்தது. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. நான் மூடியைத் திறந்து அக்கீறலை உம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டி நெடுநேரம் பார்த்தார். மாமா முன்பணம் வாங்கவில்லை. மணிக்கூடு இப்பொழுது உம்மாவின் தையற்பெட்டியில் இருக்கின்றது. அதனோடு, இன்காபிளொக் பற்றியும் 1990 பற்றியும் நான் எழுதிவைத்த தாளொன்றும் இருக்கின்றது.