கார் நிறுத்துமிடமும் தண்டிக்கும் உரிமையும்

குற்றம் புரிந்தவனைத் தண்டிக்கும் அதிகாரம் அரசுக்கே உரியது என்பது நாகரிக நாடுகள் யாவும் ஒப்புக்கொண்ட கொள்கை. இருவர் தம்முள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, அவருள் ஒருவர் அதை மீறுவாராயின், மற்றவர் தமக்கு நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்யுமாறு கேட்கலாம். மீறியவரைத் தண்டிக்க முற்படலாகாது. கேட்பதற்கு எளிய இந்தக் கொள்கையைப் பெருஞ் சோதனைக்கு உள்ளாக்கிய பொருள் ஒன்று உண்டு. அது கடைவாயிலில் நிற்கும் மோட்டார் கார். இந்த வழக்கு இங்கிலாந்தில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் பல வடிவங்களில் நடந்தது. அதன் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

மோட்டார் கார் பெருகிய காலத்தில், முதலில் நெருக்கடிக்கு உள்ளானவை பொதுச் சாலைகளே. அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரில் 1935-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், காசு போட்டால் நேரம் காட்டும் முதல் மீட்டர் நடப்பட்டது. இலண்டன் மாநகரின் மேபேர் பகுதியில் அத்தகைய மீட்டர் 1958-ஆம் ஆண்டில் வந்தது. அங்கெல்லாம் கட்டணம் விதித்தது நகராட்சி. மீறியவரிடம் அபராதம் வாங்கியது சட்டம். ஆகையால் யாருக்கு என்ன அதிகாரம் என்ற ஐயம் எழவில்லை.

பின்னர் அங்காடிகள் நகர் நடுவிலிருந்து புறநகருக்குப் பெயர்ந்தன. 1976-ஆம் ஆண்டு வட இலண்டனில் திறக்கப்பெற்ற பிரென்ட் கிராஸ் என்னும் பேரங்காடி, காரில் வருவோரைக் கருதியே அமைக்கப்பட்டது. கார் நிறுத்தக் கட்டணம் இல்லை என்பதே அதன் கவர்ச்சிகளுள் ஒன்று. ஆனால், இலவசமாகக் கிடைக்கும் இடத்தை அயலாரும் நாடுவர் அல்லவா? அருகிலுள்ள இரயில் நிலையத்துக்குச் செல்வோரும், அலுவலகங்களில் பணிபுரிவோரும் கடைக்காரரின் நிலத்தில் காலை முதல் மாலை வரை காரை நிறுத்திச் சென்றால், பொருள் வாங்க வருவோருக்கு இடம் இராது. நிலத்தின் சொந்தக்காரருக்கு இது மெய்யான இடர்ப்பாடு. இதைத் தீர்க்க அவர் என்ன செய்யலாம் என்பதே வழக்கின் வேர்.

இதற்கு விடை தேடுமுன், வேறொரு வழக்கை நினைவிற் கொள்ள வேண்டும். 1964-ஆம் ஆண்டில் இசைக் கலைஞர் ஒருவர் இலண்டன் ஷூ லேனில் இருந்த கார் நிறுத்துமிடத்துக்குத் தம் காரில் சென்றார். வாயிலில் இருந்த இயந்திரம் ஒரு சீட்டை நீட்டியது. நிறுத்துமிடத்தில் ஒட்டப்பட்டுள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டே அச்சீட்டு வழங்கப்படுகிறது என்று அதில் சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. காரைத் திரும்ப எடுக்க வந்தபோது அவர் விபத்தில் படுகாயமுற்றார். வாடிக்கையாளருக்கு நேரும் காயத்துக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று உள்ளே ஒரு நிபந்தனை இருப்பதாக நிறுவனத்தார் வாதிட்டனர். 1970-ஆம் ஆண்டு டிசம்பரில் டென்னிங் பிரபு தலைமையிலான முறையீட்டு மன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. இயந்திரத்தோடு எவரும் பேரம் பேச இயலாது. சீட்டு வெளிவரும்போதே ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. அதன்பின் காட்டும் நிபந்தனை செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். நிபந்தனை எவ்வளவு கடுமையானதோ அவ்வளவு தெளிவாக அது அறிவிக்கப்பட வேண்டும் என்ற நெறியும் இதனால் வலுப்பெற்றது. கார் நிறுத்தும் சாமானியருக்கு இன்றளவும் அரணாக விளங்குவது இந்நெறியே.

ஆயினும், நிலக்காரர்கள் சொல்லை விட்டு இரும்பை நாடினர். காரின் சக்கரத்தில் பூட்டு மாட்டி, பணம் தந்தால்தான் திறப்போம் என்றனர். பூட்டுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் தோன்றின. நிலக்காரருக்கு இதனால் செலவில்லை. பூட்டுபவருக்கோ பூட்டுந்தோறும் வருமானம். எத்தனை கார்கள் தவறாக நிற்கின்றனவோ அத்தனை இலாபம் என்ற நிலை வந்தபோது, தவறு குறைய வேண்டும் என்ற ஆவல் அவருக்கு எங்ஙனம் இருக்கும்?

ஸ்காட்லாந்தின் உயர் குற்றவியல் நீதிமன்றம் 1992-ஆம் ஆண்டிலேயே இதை மிரட்டிப் பணம் பறித்தல் என்று கூறித் தடுத்துவிட்டது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் வேறு வழி சென்றன. ட்ரூரோ நகரில் எழுந்த ஒரு வழக்கில் அங்குள்ள முறையீட்டு மன்றம், அறிவிப்புப் பலகையைக் கண்டும் காரை நிறுத்தியவர் பூட்டுக்கு உடன்பட்டவரே என்று கருதியது. ஆனால் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், பணம் தர முன்வந்தவுடன் தாமதமின்றித் திறக்க வேண்டும், உரியவரைத் தொடர்பு கொள்ள வழி இருக்க வேண்டும் என்று வரம்புகளும் கட்டியது. 2000-ஆம் ஆண்டில் மற்றொரு வழக்கு வந்தது. வழியில் உடல்நலம் குன்றிய பெண்மணி ஒருவர் காரை ஓரிடத்தில் நிறுத்தி இறங்கினார். சில நிமிடங்களில் திரும்பியபோது சக்கரம் பூட்டப்பட்டிருந்தது. அறிவிப்புப் பலகையை வேறொரு வண்டி மறைத்து நின்றது. காணாத அறிவிப்புக்கு எவரும் உடன்பட முடியாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

வரம்புகள் ஏட்டில் இருந்தன. நடைமுறையில் குறைகள் ஓயவில்லை. இறுதியில் பாராளுமன்றம் தலையிட்டது. 2012-ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்ட அதிகாரமின்றித் தனியார் நிலத்தில் காரைப் பூட்டுவதையும் இழுத்துச் செல்வதையும் குற்றமாக்கியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதே சட்டம் நிலக்காரருக்குப் புதிய கருவி ஒன்றையும் அளித்தது. முன்பு, காரை ஓட்டி வந்தவர் இன்னாரென்று மெய்ப்பித்தாலன்றிப் பணம் கேட்க இயலாது. இப்போதோ, ஓட்டியவர் யாரென்று தெரியாவிடில், காரைத் தம் பெயரில் பதிவு செய்து வைத்திருப்பவரிடமே கேட்கலாம் என்றாயிற்று. அதற்கும் கெடு உண்டு. காரின் மீது அறிவிப்பு ஒட்டப்படாதபோது, 14 நாட்களுக்குள் பதிவுக்காரருக்கு அறிவிப்பு சேர வேண்டும். தவறினால் அவரைப் பொறுப்பாக்க முடியாது. பூட்டின் இடத்தைக் காமிராவும் கடிதமும் பிடித்துக்கொண்டன. கார் உள்ளே வரும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் காமிரா குறித்துக்கொள்ளும். அரசின் வாகனப் பதிவேட்டிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் 2.50 பவுன் கட்டணம் செலுத்தி, நிறுவனத்தார் முகவரி பெறுவர். கடிதம் வீடு தேடி வரும்.

இக்கடிதம் அபராதமா, நஷ்டஈடா? இந்த மூலக் கேள்வி 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் செம்ஸ்போர்டு நகரின் ஒரு சில்லறை அங்காடி வளாகத்தில் உயிர் பெற்றது. அங்கே 2 மணி நேரம் இலவசம். மீறினால் 85 பவுன் என்று ஏறத்தாழ 20 பலகைகள் அறிவித்தன. ஒரு வணிகர் 2 மணி 56 நிமிடம் காரை நிறுத்தியிருந்தார். வளாகத்தைப் பராமரித்த பார்க்கிங்ஐ என்னும் நிறுவனம் 85 பவுன் கேட்டது. விரைந்து செலுத்தினால் 50 பவுன் போதும் என்றது. அவர் மறுத்தார். இலவச இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதனால் ஒருவருக்கும் 85 பவுன் நஷ்டம் நேரவில்லை. எனவே இது தண்டமே. தண்டம் விதிக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது அவர் வாதம். 1914-ஆம் ஆண்டு டன்லப் டயர் வழக்கில் பிரபுக்கள் சபை வகுத்த பழைய நெறி அவருக்குத் துணை நின்றது. நஷ்டத்தை நேர்மையாக முன்கூட்டி மதிப்பிட்ட தொகை செல்லும்; அச்சுறுத்துவதற்காக வைத்த தொகை செல்லாது என்று நூறாண்டுகளாக அந்நெறியைப் பொருள்கொண்டு வந்தனர்.

2015-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. எழுவருள் அறுவர் நிறுவனத்தின் பக்கம் நின்றனர். நஷ்டம் எவ்வளவு என்பது மட்டுமே அளவுகோல் ஆகாது. பலரும் இடத்தைப் பயன்படுத்த வழி செய்தல் போன்ற நியாயமான நலன் ஒன்று இருந்து, கேட்கும் தொகை அந்த நலனுக்கு மிஞ்சியதாகாமல் இருந்தால் அது செல்லும் என்றனர். டூல்சன் பிரபு ஒருவரே மாறுபட்டார். நஷ்டத்தினும் மிகப் பெரிய தொகையை, பேரம் பேச வாய்ப்பற்ற வாடிக்கையாளர் மீது சுமத்துவது நுகர்வோர் நியாயத்துக்குப் பொருந்தாது என்பது அவர் கருத்து. பெரும்பான்மையே சட்டமாயிற்று. எனினும் அத்தீர்ப்பு எல்லா நிறுவனங்களுக்கும் கையொப்பமிட்டுத் தந்த வெற்றுச் சீட்டன்று. பெரிய எழுத்தில், பல இடங்களில், தொகை தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்ததும் அத்தீர்ப்புக்கு அடிப்படையாகும்.

அதன்பின் கடிதங்கள் பெருகின. 2022-23 நிதியாண்டில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட முகவரிகளை நிறுவனங்கள் அரசுப் பதிவேட்டிலிருந்து பெற்றன. 2019-ஆம் ஆண்டில் நடைமுறை விதி வகுக்க ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2022 பிப்ரவரியில் வெளியான விதி, தொகையைப் பெரும்பாலான இடங்களில் 50 பவுனாகக் குறைக்க முனைந்தது. நிறுவனங்கள் நீதிமன்றம் ஏறவே, அவ்வாண்டு ஜூனிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. 2024 அக்டோபரில் தொழில் சங்கங்கள் தாமே ஒரு பொது விதியை மேற்கொண்டன. 2025-ஆம் ஆண்டில் அரசு மீண்டும் மக்கள் கருத்தைக் கேட்டது.

நம் நாட்டு நிலை என்ன? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 74-ஆம் பிரிவில் தண்டத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் இடையே இருந்த ஆங்கிலேய வேறுபாட்டையே களைந்துவிட்டது. எழுதிய தொகை எதுவாயினும், அதற்கு மேற்படாத நியாயமான ஈடே கிடைக்கும். ஆகவே செம்ஸ்போர்டு தீர்ப்பை அப்படியே இங்கு நட்டுவிட இயலாது. இங்கே எழுந்த கேள்வியும் வேறு: அங்காடி கட்டணம் வாங்கலாமா என்பதே அது. தெலங்கானா அரசு 2018-ஆம் ஆண்டில், பேரங்காடிகளில் முதல் 30 நிமிடம் யாவருக்கும் இலவசம் என்றும், அதற்குமேல் ஒரு மணி நேரம் வரை பொருள் வாங்கிய ரசீதைக் காட்டினால் கட்டணம் இல்லை என்றும் ஆணையிட்டது. கட்டட விதிகளின்படி ஒதுக்கியே தீர வேண்டிய இடத்துக்குக் கட்டணம் கேட்கும் உரிமை பேரங்காடிகளுக்கு இல்லை என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் கூறியது. அவ்வாண்டு நவம்பரில் நம் உச்ச நீதிமன்றம், விருந்தினரின் காரை ஓட்டல் பணியாளரே வாங்கி நிறுத்திய பின் அது களவு போனால், உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது என்ற அச்சு வாசகத்தைக் காட்டி ஓட்டல் தன் கவனக்குறைவுக்குத் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவு வழக்குகளிலும் நீதிபதிகள் திரும்பத் திரும்பக் கேட்டவை மூன்றே கேள்விகள். நிபந்தனை, காரை நிறுத்துமுன் கண்ணுக்குத் தெரிந்ததா? கேட்கும் தொகை, காக்க வேண்டிய நலனுக்கு ஒத்ததா? பணம் கேட்பவரையன்றி வேறொருவரிடம் முறையிட வழி உண்டா? நிலம் உடையவருக்குத் தம் நிலத்தைக் காக்கும் உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. அந்த உரிமை தண்டிக்கும் அதிகாரமாக வளர்ந்துவிடாமல் காப்பவை இம்மூன்று கேள்விகள். கடைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் காரை விட்டு இறங்கியதும் பலகையை ஒருமுறை படிப்பதும், கடிதம் வந்தால் அஞ்சி உடனே பணம் கட்டிவிடாமலும், அலட்சியமாக எறிந்துவிடாமலும், இக்கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதும் நலம் பயக்கும்.