பாசலில் பிறந்த மருந்தும் எங்கள் குசினிச் சுவரும்



சென்ற மாத நேரடி நிகழ்ச்சியில் பாசலில் இருந்து ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, குசினிக்குள்ள நுளம்புத் தொல்லை தாங்கேலாமல் கிடக்கு. ஊரில எண்டால் டி.டி.ரி அடிப்பினம். இஞ்ச என்ன செய்யிறது?" என்று கேட்டார். நிகழ்ச்சி நேரம் முடிந்துகொண்டிருந்தது. அடுத்த உரையில் சொல்கிறேன் என்று அன்று தப்பிவிட்டேன். நான் வர்த்தகம் படித்து, கணக்கு எழுதிச் சீவிப்பவன். பூச்சிகளைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அவர் ஊரில் விட்டு வந்ததாக நினைக்கும் டி.டி.ரி, பூச்சிமருந்தாகப் பிறந்ததே அவர் இப்போது குடியிருக்கும் பாசல் நகரில்தான். அந்தக் கதையைச் சொல்லாமல் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போல் ஹெர்மன் முல்லர் 1899இல் ஓல்ற்றன் நகரில் பிறந்தவர். ஆம், நாங்கள் எல்லோரும் ரயில் மாறுகிற அதே ஓல்ற்றன்தான். 1925இல் பாசல் கைகி நிறுவனத்தில் இரசாயனவியலாளராகச் சேர்ந்தார். 1935 முதல் அவருடைய வேலை பூச்சிகொல்லி தேடுவது. கண்ணாடிக் கூண்டுக்குள் ஈக்களை விட்டு, ஒவ்வொரு பொருளாகத் தெளித்துப் பார்த்தார். 349 பொருட்கள் தோற்று, 350ஆவதுதான் வேலை செய்தது என்று சொல்வார்கள். அது 1939 செப்ரெம்பர், ஐரோப்பாவில் போர் மூண்ட மாதம். அந்தப் பொருளை 1874இலேயே ஒத்மார் சைட்லர் என்ற ஆய்வாளர் செய்திருந்தார், ஆனால் அது எதற்கு உதவும் என்று பார்க்காமல் விட்டுவிட்டார்.

அந்தக் கூண்டைப் பற்றிப் பிற்பாடு முல்லரே சொன்ன ஒரு செய்தி இருக்கிறது. கூண்டை எவ்வளவு கழுவினாலும், புதிதாக விட்ட ஈக்கள் சுவரில் தொட்டவுடன் விழுந்தனவாம். கூண்டைக் கழற்றித் துப்புரவாக்கி, ஒரு மாதம் வெளியில் காற்றாட வைத்த பிறகே அடுத்த பரிசோதனையைச் செய்ய முடிந்ததாம். டி.டி.ரியின் பலமும் ஆபத்தும் இந்த ஒரு செய்தியிலேயே இருக்கின்றன. பறக்கிற நுளம்பைத் துரத்தி அடிக்கும் மருந்தல்ல அது. சுவரில் மாதக்கணக்கில் படிந்து கிடக்கும். இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் போய்க் குந்தும்போது, காலால் ஏறி நரம்பைத் தாக்கும். 1948இல் முல்லருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் வைத்தியர் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

இனி எங்கள் பக்கம் வருவோம். 1934இல் பருவமழை பொய்த்து, இலங்கையின் ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகின. மலேரியாவைக் காவும் நுளம்புக்கு அந்தக் குட்டைகள்தான் தொட்டில். 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். கேகாலை, குருநாகல் பக்கம்தான் பேரிழப்பு. அங்கே சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் கொண்டு வீடு வீடாகப் போனார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தீவு முழுவதும் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி அடிக்கத் தொடங்கினார்கள். 1946இல் சுமார் 28 இலட்சம் பேருக்கு மலேரியா. 1963இல் எத்தனை பேருக்குத் தெரியுமா? 17 பேருக்கு. நாடு முழுவதற்கும் பதினேழே பதினேழு.

கணக்காளனான எனக்கு இந்த 17தான் இந்த வரலாற்றின் மிக ஆபத்தான எண்ணாகத் தெரிகிறது. நோய் போய்விட்டது, இனி எதற்குச் செலவு என்று 1964 அளவில் மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். அது அன்றைய சர்வதேசத் திட்டத்தின்படி நடந்ததுதான். நிறுத்திய பின் காய்ச்சல்காரரைத் தேடிப் பிடித்து இரத்தம் எடுத்துச் சோதிக்கும் வேலை உறுதியாக நடக்க வேண்டும் என்பதும் அதே திட்டம். அந்த வேலை தளர்ந்தது. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மலேரியா ஐந்து இலட்சம் பேருக்கு மேல் தாக்கியது. திரும்ப டி.டி.ரியை எடுத்தார்கள், ஆனால் நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது.

வெள்ளைக்காரர் பறவைகளுக்கு இரங்கி டி.டி.ரியைத் தடுத்தார்கள், அதனால்தான் இலங்கையில் மலேரியா திரும்பியது என்று எங்கள் ஆட்களே மேடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது ஆண்டுக் கணக்கில் நிற்காது. ரேச்சல் கார்சன் நூல் எழுதியது 1962இல். அமெரிக்கா தடை செய்தது 1972இல். இலங்கை நிறுத்தியது 1964இல், அதுவும் நோய் குறைந்துவிட்டது என்பதால். ஐந்தொகையில் ஒரு செலவை வெட்டினால் அந்த வருடம் அழகாகத் தெரியும், கடன் வேறு வருடத்தில் வரும்.

அந்தக் கடனில் ஒரு பங்கு எங்கள் வீட்டுக்கும் வந்தது. வவுனியாவில் வயலும் குளமுமான ஒரு கிராமம் எங்களுடையது. 1979 என்று நினைவு, எனக்கு ஒன்பது வயது. முதுகில் தகரக் கலன் கட்டிய மூன்று பேர் வந்தார்கள். "டி.டி.ரி அடிக்கிறவை வருகினம்" என்று சின்னப் பிள்ளைகள் நாங்கள் முன்னால் ஓடினோம். உண்மையில் அப்போது அடித்தது மலத்தியன், அழுகிய வெங்காயம் போல ஒரு நாற்றம். மருந்து மாறியும் ஊரில் பெயர் மாறவில்லை. மாலும் அறையும் அடித்துவிட்டுக் குசினிக்கு வந்தார்கள். அம்மா வாசலில் நின்றுகொண்டார்.

"இதுக்குள்ள வேண்டாம் தம்பி. அரிசி, மா, சட்டி பானை எல்லாம் கிடக்கு. புகை பிடிக்கிற இடத்தில நுளம்பு நிக்காது."

"சாமானை வெளியில எடுத்து வையுங்கோ அம்மா, நாங்கள் பொறுத்து அடிக்கிறம்" என்று அவர் பணிவாகத்தான் சொன்னார். அம்மா அசையவில்லை. அடுத்த வீட்டிலும் இதே கதை. இன்னொரு வீட்டில் மருந்தடித்த மண்சுவரை இரண்டாம் நாளே சாணகத்தால் மெழுகிவிட்டார்கள்.

அடுப்பு எரியும்வரை அம்மா சொன்னது ஓரளவு சரி. அடுப்பு அணைந்த பிறகு, கரி பிடித்த இருட்டு மூலையும் பானைகளின் பின்பக்கமும் நுளம்புக்கு எவ்வளவு வசதி என்று யாரும் யோசிக்கவில்லை. தம்பி படுப்பது குசினித் திண்ணையில். மாரிக்குப் பிறகு அவனுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் குளுசை தந்தார்கள், சுகமானான், சில மாதத்தில் திரும்ப வந்தது. இப்படி இரண்டு வருடம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை அன்றும் சாக்கால் மூடிக்கொண்டு நடுங்கிக் கிடந்தான். என்னைவிடக் கெட்டிக்காரன் அவன். எந்தச் சுவரில் இருந்த நுளம்பு அவனைக் கடித்தது என்பதை எந்தக் கணக்காய்வாளராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அம்மா கண்மூடும்வரை, "அந்தக் குசினியைத் திறந்து விட்டிருக்கலாம்" என்று சொல்வார். அந்தப் பாரத்தை நாங்கள் யாரும் இறக்கி வைக்க முடியவில்லை.

பின்பு இலங்கை 2016 செப்ரெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. நாட்டுக்குள் தொற்றிய கடைசி நோயாளி 2012இல். இம்முறை சுவருக்கு மருந்து தேவையான இடத்தில் மட்டும். வலை, இரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் போய்ப் பார்த்தல் என்பவை போர் நடந்த இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. சான்றிதழ் கிடைத்த பிறகும் சோதனையை விடவில்லை. விடாததால்தான் மன்னாரில் புதிதாக நுழைந்திருந்த இந்திய நகர நுளம்பு ஒன்றை உடனே கண்டுபிடித்தார்கள்.

சுவிஸ்காரரும் ஒரு காலத்தில் சதுப்புக் காய்ச்சலில் நடுங்கியவர்கள்தான். வாலன்சீ ஏரிப் பக்கம் ஊர்கள் வெள்ளத்திலும் காய்ச்சலிலும் அழிந்துகொண்டிருந்தன. 1807இல் ஹன்ஸ் கொன்ராட் எஷர் லிந்த் ஆற்றைக் கால்வாய் வெட்டித் திருப்பும் வேலையைத் தொடங்கினார். தண்ணீர் வடிந்தது, காய்ச்சலும் போனது. நுளம்புதான் காரணம் என்று உலகம் அறிவதற்கு 90 ஆண்டுகள் முந்திய வேலை அது.

சரி, அக்காவின் குசினிக்கு வருவோம். டி.டி.ரி இங்கே விற்பனையில் இல்லை. 2004 முதல் நடைமுறையில் உள்ள ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கைப்படி நோய்காவிகளை ஒழிக்க மட்டுமே அனுமதி. கடையில் வாங்கும் தெளிமருந்து அன்றைய இரவுக்கு உதவும், சமைக்கிற இடத்தில் அடிப்பதை நான் விரும்பமாட்டேன். நுளம்பு தேங்கிய நீரில் முட்டையிட்டு, கோடைச் சூட்டில் ஒரு கிழமை, பத்து நாளில் பறந்துவிடும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை நீரை ஊற்றினால் அதன் கணக்கு முடிந்தது. யன்னலுக்கு வலை போடலாம். இன்னொரு காரணமும் உண்டு. பகலில் கடிக்கும் புலி நுளம்பு 2003இல் திச்சினோவில் காணப்பட்டு, பிறகு அல்ப்ஸ் தாண்டிப் பாசலுக்கும் வந்துவிட்டது. பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், டெங்குவைக் காவக்கூடியது. அதன் முட்டை காய்ந்தாலும் சாகாது, பாத்திரத்தை உரஞ்சிக் கழுவ வேண்டும். கண்டால் நகரசபைக்கு அறிவியுங்கள்.

அக்காவை நிகழ்ச்சிக்குப் பிறகு அழைத்து, குசினியில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். எங்கும் இல்லை என்றார். யன்னலடியில் கறிவேப்பிலைச் சாடி இருக்கிறதா என்றேன். இருக்கிறது, குளிருக்குப் பயந்து பல்கனியில் இருந்து உள்ளே எடுத்தேன் என்றார். அதற்குக் கீழே தட்டு? கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "தம்பி, புழு நெளியுது" என்றார்.