சென்னை டு யாழ்ப்பாணம்: எவ்வளவு நேரம்?

பீக் அவர்ல நாவலூர்லேருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட் போக ஒரு மணி நேரம் சாதாரணமா தாண்டிடும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறக்கவும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீட்டர்.

இது புது ரூட் இல்ல. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்புப் பக்கம் இரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கித்தான் மெட்ராஸ் வந்தது.

அப்புறம் உள்நாட்டுப் போர். பலாலி ராணுவத் தளமாச்சு. 1990ல் சுற்றுவட்டார மக்கள் ஊரைவிட்டு வெளியேறினாங்க. யாழ்ப்பாணத்துக்காரர் சென்னை வரணும்னா, பாதை திறந்திருந்தாலும், முதல்ல தெற்கே 400 கிலோமீட்டர் கொழும்புக்குப் போகணும். அங்கிருந்து திரும்ப வடக்கே பறக்கணும். ஒன்றேகால் மணி நேரம், ஒரு முழு நாளாச்சு.

2019 அக்டோபர் 17 அன்று சென்னை விமானம் மறுபடி பலாலியில் இறங்கியது. கோவிட்டில் நின்ற சேவை 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. இப்போ டிக்கெட் எடுத்தா போயிடலாம். ஆனா, அந்த ஓடுதளத்தைச் சுத்தி வாழ்ந்தவங்கள்ல பலருக்கு, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சொந்த நிலம் இன்னும் திரும்பக் கிடைக்கலை.