சவர நுரையும் ஒரு கொடிய நோயும்



சவரத்துக்கு நல்ல நுரை எழவேண்டுமாயின் நீர், சவர்க்காரம், தூரிகை ஆகிய மூன்றும் ஒத்துழைத்தல் வேண்டும். முன்னிரண்டும் பிழைத்தால் கன்னம் எரியும். மூன்றாவது பிழைத்த காலத்தில் உயிர்களே போயின.

மாத்தளை மாவட்டத்தின் பல இடங்களில் சுண்ணாம்புப் பாறை உண்டு. இங்குள்ள சுண்ணாம்புச் சூளைகளே அதற்குச் சான்று. அப்பாறை வழியே ஊறும் கிணற்று நீரிலுள்ள கல்சியம் சவர்க்காரத்தோடு கூடித் திரையாகப் படிவதால் நுரை குன்றும். அத்தகைய ஊர்களில் மழைநீரோ கொதிக்கவைத்துத் தெளித்தெடுத்த நீரோ நன்று.

சவர்க்காரத்துக்கு மூலம் கொழுப்பு. கொழுப்பின் அமிலங்களைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரெல் 1823இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்து விளக்கினார். நம் தேங்காயெண்ணெயின் அமிலம் விரைவில் நுரைத்து விரைவில் அடங்கும். ஸ்டியரிக் அமிலமோ மெல்ல நுரைத்து நெடுநேரம் நிற்கும். ஆதலின் சவரச் சவர்க்காரத்தில் இரண்டையும் சேர்ப்பர்.

இனித் தூரிகையின் கதை. பன்றிமயிரும் பேட்ஜர் என்னும் விலங்கின் மயிருமே ஐரோப்பாவில் விரும்பப்பட்டன. 1914இல் மூண்ட முதல் உலகப் போர் வணிக வழிகளைக் குலைக்கவே, கீழ்நாடுகளிலிருந்து வந்த மலிவான குதிரைமயிர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. அதிற் பலவும் செவ்வனே கிருமிநீக்கம் பெறாதவை. நச்சுவாயு முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்தும்பொருட்டுப் படைவீரர் நாள்தோறும் சவரம் செய்தனர். கத்தி இட்ட சிறு கீறலே கிருமிக்கு வாயிலாயிற்று. கால்நடை வளர்ப்போர் அடைப்பான் என்று அஞ்சும் அந்திராக்ஸ் நோய், அமெரிக்க, பிரித்தானியப் படைவீரரும் பொதுமக்களுமாக 200க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. அவருட் சிலர் மாண்டனர். 1920இல் பிரித்தானியா யப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைத் தடைசெய்தது.

தூரிகையை இளஞ்சூட்டு நீரிற் சில நிமிடம் ஊறவைத்து, உதறி, சவர்க்காரத்திற் சுழற்றுக. குழம்பானதும் துளித்துளியாக நீர் சேர்த்து நனைந்த முகத்தில் தேய்த்தால், பெருங்குமிழியின்றித் தயிர்போல் நுரை திரளும். இவ்வளவும் நம் கையில் உள்ளது. தூரிகை செய்த தொலைநாட்டுக் கையின் தூய்மையை நாம் காணமுடியாது. அதனைக் காண்பதற்கே சட்டமும் சுகாதாரப் பரிசோதனையும் ஏற்பட்டன. அவற்றைத் தொல்லையென எண்ணுவோர் அப்படைவீரரை ஒருகணம் நினைத்தல் நன்று.